சூடும் மருந்தும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரு புது முயற்சி



இன்றைய பேச்சுக்குக் காரணமானவர் அறுபத்து மூன்று வயதுப் பாட்டி ஒருவர். லகாட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அவருடைய பேரன் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்தான். ஒரு நாள் வெப்பம் பற்றிய பாடம் நடந்தது. பிள்ளைகளுக்கு ஆர்வம் ஊட்ட வேண்டும் என்ற ஆசையில், "புற்றுநோயைக்கூட இப்போது சூட்டினால் அழிக்கப் பார்க்கிறார்கள், மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத பையில் அடைத்து அனுப்பி, சூடு காட்டித் திறக்கிறார்கள்" என்று போகிற போக்கில் சொல்லி வைத்தேன். மணி அடித்தது. பாடம் முடிந்தது.

பையன் வீட்டுக்குப் போய்ப் பாதியைச் சொல்லியிருக்கிறான். "பாட்டி, சூடு வைத்தால் புற்றுநோய் போய்விடுமாம். சார் சொன்னார்." பாட்டிக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது வீட்டில் எவருக்கும் தெரியாது. அன்று இரவு முதல் அவர் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கட்டியின் மேல் ஒத்தடம் கொடுக்கத் தொடங்கினார். மூன்று மாதம் கொடுத்தார். தோல் வெந்து புண்ணான பிறகுதான் மருமகள் பார்த்தார். தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அந்த அம்மா, "சார், நீங்கள் சொன்னதாகத்தான் அத்தை இப்படிச் செய்தார்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அரைகுறையாகச் சொன்னதை இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

புற்றுநோய் என்ற சொல் எங்கள் வட்டாரத்து மக்களுக்குப் புதிதல்ல. லகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் 1982-இல் அருமண் தாது ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் கதிரியக்கக் கழிவினால் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது என்று குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அப்போது நான் சிறுவன். பெரியவர்கள் அந்த நோயின் பெயரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். குரலைத் தாழ்த்தும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பாட்டி கட்டியை மறைத்ததற்கும் அதுவே காரணம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரத்தப் புற்றுநோய் உடல் முழுதும் ஓடும் நோய். நான் விளக்கப்போகும் சூட்டுச் சிகிச்சை அதற்குப் பொருந்தாது. ஓரிடத்தில் கட்டியாக நிற்கும் நோய்க்கே அது உரியது.

சூடு புற்றுநோயை என்ன செய்கிறது? நம் உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி. கடுங்காய்ச்சலில் 40 வரை ஏறும். 1866-இல் ஜெர்மனியில் புஷ் என்ற மருத்துவர், முகத்தில் கட்டி இருந்த ஒரு நோயாளிக்குத் தோல் தொற்றினால் கடுங்காய்ச்சல் வந்து, அதன்பின் கட்டி மறைந்ததை எழுதி வைத்தார். 1891-இல் நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், அதே வகைக் கிருமியை வேண்டுமென்றே நோயாளிக்குச் செலுத்திக் காய்ச்சலை உண்டாக்கிப் பார்த்தார். துணிச்சலான வேலைதான், ஆபத்தான வேலையும்கூட. சிலருக்குக் கட்டி கரைந்தது. அதில் சூட்டின் பங்கு எவ்வளவு, உடலின் எதிர்ப்புச் சக்தியின் பங்கு எவ்வளவு என்பது வேறு பேச்சு.

இன்று சூட்டுச் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் கட்டியை 40 முதல் 43 டிகிரி வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் புற்று உயிரணு தன் உடைந்த மரபுப் பொருளைப் பழுது பார்த்துக்கொள்ள முடியாமல் தடுமாறுகிறது. அந்த நேரத்தில் கதிர்வீச்சோ மருந்தோ சேர்ந்தால் அடி பலமாக விழுகிறது. மேலும், கட்டியின் நடுப்பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு, பிராணவாயு குறைவு, புளிப்புத் தன்மை அதிகம். கதிர்வீச்சுக்கு எளிதில் பணியாத அந்தப் பகுதியே சூட்டுக்கு எளிதில் பணிகிறது.

அப்படியானால் உப்பு ஒத்தடம் ஏன் பயன்படாது? நம் உடலின் இரத்த ஓட்டம் வண்டியின் ரேடியேட்டர் போன்றது. தோலில் சூடு பட்டவுடன் இரத்தம் பாய்ந்து வந்து அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடுகிறது. எனவே மேல் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடு வைத்தாலும், உள்ளே ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு அந்தச் சூடு முறையாகப் போய்ச் சேராது. மருத்துவமனையில் நுண்ணலைகளையோ ரேடியோ அலைகளையோ வெளியிலிருந்து உள்ளே குவிக்கிறார்கள்; தோல் வேகாமல் இருக்க அதன்மேல் தண்ணீர்ப் பையை வைக்கிறார்கள்; மெல்லிய உணர்கருவிகளைக் கொண்டு வெப்பத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு டிகிரி குறைந்தால் பயன் குறையும். இரண்டு டிகிரி கூடினால் நல்ல சதையும் வேகும். அடுப்பங்கரையில் செய்கிற வேலை அல்ல அது.

முறையாகச் செய்தால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2000-இல் வெளிவந்தது. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள பெண்களில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 27 பேர் மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். கதிர்வீச்சோடு சூடும் பெற்றவர்களுள் 51 பேர் இருந்தார்கள். பெரிய வேறுபாடுதான். ஆனால் அதே காலத்தில் கதிர்வீச்சோடு மருந்து சேர்த்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டதால், பெரும்பாலான நாடுகள் எளிதான அந்த வழியையே பின்பற்றின. மருந்தோடு சூட்டைச் சேர்த்த ஆய்வும் உண்டு. மூனிக் நகரத்து இசல்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில், மென்சதைப் புற்றுநோயாளிகள் 341 பேரிடம் அது நடந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களுள் பத்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர். மருந்தும் சூடும் பெற்றவர்களுள் ஏறத்தாழ 53 பேர்.

சரி, மருந்துக்கு வருவோம். டாக்ஸோருபிசின் என்றொரு மருந்து இருக்கிறது. சிவப்பு நிறம். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய் உட்படப் பல புற்றுநோய்களுக்கு அரை நூற்றாண்டாகப் பயன்படுகிறது. இதை ஏற்றினால் சிறுநீரும் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும். அதைப் பார்த்து இரத்தம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டியது அதற்கல்ல. இந்த மருந்து இருதயத் தசையைக் கெடுக்கக்கூடியது. ஆகவே ஒருவர் வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் பெறலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். புற்றைக் கொல்ல இன்னும் கொஞ்சம் வேண்டும், இருதயம் இனித் தாங்காது என்ற நிலையில் மருத்துவர் கை கட்டி நிற்க வேண்டியதாகிறது.

மருந்து கட்டிக்கு மட்டும் போய், இருதயத்துக்குப் போகாமல் இருந்தால்? அதற்குத்தான் இந்த நுண்ணிய பை.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. மங்கில் சொட்டும் பாலை எண்ணிப் பாருங்கள். அது வெறும் ரப்பர் கரைசல் அன்று. கோடானுகோடி ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய தோல் ஒன்று மூடிக் காக்கிறது. அந்தத் தோல் காவல் இருக்கும் வரை பால் பாலாகவே இருக்கும். ஸ்டோரில் ஆசிட் ஊற்றியதும் காவல் கெடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் கட்டியாகிறது. துகள், அதற்கொரு தோல், அந்தத் தோலின் காவலைக் கெடுக்க ஒரு சமிக்ஞை. மருந்துப் பையின் கதையும் இதுவேதான். இங்கே ஆசிட்டுக்குப் பதில் சூடு.

1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்ற விஞ்ஞானி, சில வகைக் கொழுப்புகளைத் தண்ணீரில் கலக்கினால் அவை தாமாகவே உருண்டு சிறு பைகளாக மூடிக்கொள்வதைக் கண்டார். அவற்றுக்கு லிப்போசோம் என்று பெயர். பையின் வயிற்றில் தண்ணீர். அந்தத் தண்ணீரில் மருந்தை அடைக்கலாம். அளவு என்ன? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தப் பை ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் குறுக்கே நூற்றுக்கணக்கான பைகளை வரிசையாக அடுக்கலாம்.

டாக்ஸோருபிசினை லிப்போசோமில் அடைத்த மருந்து 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருதயத்துக்கு நேரும் கேடு குறைந்தது. 2012-இல் அங்கே அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவின் சன் பார்மா நிறுவனம் தயாரித்த அதே வகை மருந்தைத்தான் இறக்குமதி செய்து சமாளித்தார்கள். இந்தப் பை சூட்டுக்குத் திறப்பதில்லை. மெல்ல மெல்லக் கசியும். பல நேரங்களில் மெல்லக் கசிவதே குறையாகிறது. கட்டி வரை போய்ச் சேர்ந்தும் மருந்து பைக்குள்ளேயே தங்கிவிடும்.

குறிப்பிட்ட சூட்டில் பளிச்சென்று திறக்கும் பையைச் செய்யலாம் என்று 1978-இல் மில்டன் யாட்வின் என்பவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் காட்டினார்கள். நெய்யை நினைத்துக்கொள்ளுங்கள். குளிரில் கட்டி, வெயிலில் நீர். ஒவ்வொரு கொழுப்புக்கும் இளகும் சூடு ஒன்று உண்டு. மருந்துப் பைக்கு எடுத்துக்கொண்ட கொழுப்பு 41 டிகிரியில் இளகுவது. 37-இல் இறுகி நிற்கும். காய்ச்சலை விடச் சற்று மேலே போனால் இளகும். இயற்கை நமக்காகவே அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. இன்னொரு வியப்பு: அந்தக் கொழுப்பின் வால் பகுதி பால்மிட்டிக் அமிலம். பெயரைக் கேட்டதும் தெரிந்திருக்கும். நம் தோட்டங்களில் பால்மரத்தை வெட்டிவிட்டு நட்ட செம்பனையின் எண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இருப்பது அதே அமிலந்தான்.

பிறகு டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீதம், மார்க் டூஹர்ஸ்ட் ஆகியோர் கொழுப்பில் இன்னொரு பொருளைச் சிறிதளவு சேர்த்து, இளகும் நேரத்தில் பையின் தோலில் ஓட்டைகள் விழும்படி செய்தார்கள். மருந்து நிமிடக்கணக்கில் அல்ல, விநாடிக்கணக்கில் கொட்டியது. வேலை நடக்கும் முறை இதுதான்: பைகளை நரம்பில் ஏற்றுகிறார்கள். அவை இரத்தத்தோடு உடல் முழுதும் சுற்றுகின்றன. கட்டி இருக்கும் இடத்தை மட்டும் 41, 42 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வழியே போகிற பைகளெல்லாம் அங்கே போகிற போக்கில் திறந்து மருந்தைக் கொட்டுகின்றன. இருதயத்தின் வழியே போகிறவை மூடியே போகின்றன. பை சூட்டைத் தேடிப் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் வகுப்பில் சொன்னபோது இதையும் சொல்லாமல் விட்டேன்.

சூட்டுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. சூடு பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் பெருகுகிறது. கட்டியின் இரத்தக் குழாய்ச் சுவர் மேலும் ஒழுகலாகிறது. ஆகவே வருகிற பைகளும் அதிகம். உள்ளே இறங்கும் மருந்தும் அதிகம். ஒரே சூடு கதவைத் திறக்கிறது, பையையும் திறக்கிறது, புற்றையும் தளர்த்துகிறது.

இதைப் பெரிய அளவில் ஈரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். ஈரல் கட்டிக்குள் ஊசி ஒன்றை நுழைத்து ரேடியோ அலை மின்சாரத்தால் பொசுக்குவது முன்னரே உள்ள சிகிச்சை. இந்தப் பேச்சை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிற அலையின் இனத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். ஊசியைச் சுற்றி எல்லாம் வெந்துவிடும். ஓரத்தில்தான் சிக்கல். கரையான் புற்றின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் மேலே உள்ளது எரியும். விளிம்பில் தப்பியவை மீண்டும் கட்டும் அல்லவா? அந்த விளிம்பில் வெப்பம் நாற்பது, நாற்பத்தைந்து டிகிரியில் நிற்கிறது. நம் பை திறப்பதற்குச் சரியான சூடு! ஊசி நடுவைப் பொசுக்கும், பை விளிம்பைக் கவனிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அழகான கணக்கு.

701 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2013 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பயன் தெரியவில்லை. மருந்துப் பை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நோய் திரும்பும் காலத்தில் தக்க வேறுபாடு இல்லை. பிறகு கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்கள், ஒற்றைக் கட்டி உள்ளவர்களில் 45 நிமிடமோ அதற்கு மேலோ சூடு பெற்றவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தது போலத் தெரிகிறது என்றார்கள். அதை நம்பி, எல்லாருக்கும் குறைந்தது 45 நிமிடம் சூடு என்று விதித்து 556 பேரிடம் இரண்டாவது ஆய்வு தொடங்கினார்கள். 2020-இல் அதுவும் பயன் காட்டவில்லை. வருந்தத்தக்க முடிவு. ஆனால் அறிவியலில் இப்படித்தான் உண்மை வெளிப்படுகிறது. ஒரு நிரையில் உரம் போட்டுவிட்டு, அதிகம் பால் கொடுத்த மரங்களை மட்டும் பிறகு பொறுக்கி எடுத்து, "பார், என் உரம் வேலை செய்தது" என்று சொன்னால் கிராணியார் ஒப்புக்கொள்வாரா? முதல் ஆய்வுக்குப் பின் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ஆயினும் கருத்து செத்துவிடவில்லை. ஆக்ஸ்போர்டில் ஊசிக்குப் பதிலாகக் கேளா ஒலியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே போல ஒலியை உடலுக்கு வெளியிலிருந்தே ஈரல் கட்டியில் குவித்து, மெல்லிய சூட்டை உண்டாக்கிப் பைகளைத் திறந்தார்கள். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வில் நோயாளிகள் 10 பேர்தான். கட்டியில் சேர்ந்த மருந்து சராசரியாக மூன்று மடங்குக்கு மேல் கூடியது. மருந்து போய்ச் சேருகிறது என்பது உறுதி. ஆயுள் கூடுகிறதா என்பதைச் சொல்லப் பத்துப் பேர் போதாது.

இரும்புத் துகளை வைத்துச் சூடாக்கும் முறையும் உண்டு. இரும்பு ஆக்ஸைடின் நானோ துகள்களைக் கட்டிக்குள் விட்டு, வெளியே திசை மாறி மாறி வரும் காந்தப் புலத்தை வைத்தால் துகள்கள் சூடேறுகின்றன. 1957-இலேயே இந்த எண்ணத்தை எழுதிவிட்டார்கள். பெர்லினில் உருவான முறை 2010-இல் மூளைக் கட்டிக்கு ஐரோப்பிய அனுமதி பெற்றது. ஆனால் சிகிச்சைக்கு முன் பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட எடுத்துவிட வேண்டும்; அதன் பிறகு மூளையின் அந்தப் பகுதியைக் காந்தப் படம் எடுத்துப் பார்க்கவும் முடியாது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், இத்தகைய காந்த நீர்மங்கள் எப்படி எவ்வளவு சூடேறுகின்றன என்று அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். மும்பையில் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையத்தின் ஆய்வகமும் சேர்ந்து, லிப்போசோமின் மேல் தங்கப் பூச்சு பூசி, கண்ணுக்குத் தெரியாத செந்நிறத்துக்கு அப்பாற்பட்ட ஒளியால் அதைச் சூடாக்கினார்கள். வேலை முடிந்ததும் அந்தத் துகள் சிதைந்து உடலைவிட்டு வெளியேறுவதையும் காட்டினார்கள். அரவிந்த் குமார் ரெங்கன் முதலானோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. எலிகளில் நடந்தது. எலியின் கட்டி தோலுக்கு அடியிலேயே இருக்கும்; ஒளி எளிதில் போகும். மனித உடலின் ஆழத்துக்கு ஒளி போவதில்லை.

ஆகவே, சூட்டுக்குத் திறக்கும் இந்த மருந்துப் பை எந்த ஆஸ்பத்திரியிலும் வழக்கமான சிகிச்சையாக வந்துவிடவில்லை. யாராவது "நானோ சூட்டுச் சிகிச்சை" என்று சொல்லிப் பணம் கேட்டால், எந்த ஆய்வின்கீழ் கொடுக்கிறீர்கள், எந்த மருத்துவமனையின் ஒப்புதல் இருக்கிறது என்று கேளுங்கள். உண்மையான ஆய்வில் நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவார்கள். சோதனை மருந்துக்கு விலை சொல்லமாட்டார்கள்.

நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை வேறு. ஈரல் புற்றுநோய்க்கு வழி வகுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமிக்கு எதிராக நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு 1989 முதல் தடுப்பூசி உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஊசி, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் 2010-இல் தொடங்கியது. சம்மதப் பாரம் வீட்டுக்கு வந்தால் "எதற்கு வம்பு" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வெற்றிலை பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். நம் சமூகத்தில் அந்த நோய் அதிகம் என்பது மலேசிய ஆய்வுகளில் தெரிந்த செய்தி. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டலாம். மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். வலி இல்லை என்பதாலேயே நம் பெண்கள் போகாமல் இருக்கிறார்கள்.

பாட்டியை நானும் அவர் மகனுமாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஊசியால் எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. உடனே அறுவை செய்ய முடியவில்லை. ஒத்தடத்தால் வெந்த தோல் ஆற வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் ஐந்து வாரம் போயிற்று. பிறகு அறுவை, பிறகு அந்தச் சிவப்பு மருந்து. ஏற்றுவதற்கு முன் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போனபோது பாட்டி பயப்படவில்லை. பேரன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். இந்த முறை என்னிடம் இரண்டு தரம் கேட்டுத் தெளிந்து, தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சொன்னான்.

தாமதம் அவருக்கு எவ்வளவு கேடு செய்தது என்று டாக்டரிடம் கேட்டேன். "அதை இப்போது சொல்ல முடியாது சார்" என்றார். முடி உதிர்ந்த தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பேரனை அழைத்துப் போகப் பள்ளி வாசலுக்குப் பாட்டி வருகிறார். என்னைப் பார்த்தால், "வாத்தியாரே, சாப்பிட்டீங்களா?" என்பார். ஒத்தடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறார். அடுத்த சோதனை தீபாவளிக்கு முந்திய வாரம்.